அங்கே அவள், இங்கே இவன்

கல்யாணமாகி நான் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்தபோது, எதிர்வீட்டில் இருப்பவர்கள் யூதர்கள் என்று என் கணவர் சொன்னார். நான் ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் எங்கள் வாப்பாவின் வீடு. பர்மியர், சீனர், தெலுங்கர் என்று எல்லாரையும் பார்த்திருக்கிறேன், யூதரைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் அவர் யூதர் என்று எனக்குத் தெரிந்திருக்காது. மறுநாள் காலை படிக்கட்டில் எதிரே வந்தவர் எங்கள் ஆண்களைப் போலவே லுங்கி கட்டி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தலையில் சின்னத் தொப்பி. இரண்டு கைகளிலும் தண்ணீர் வாளி. என்னைப் பார்த்ததும் வாளிகளைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்று, "வாங்க தங்கச்சி, எதிர்வீட்டுக்கு வந்த புதுப்பொண்ணு நீங்கதானா?" என்று தமிழில் கேட்டார்.

"உங்களுக்குத் தமிழ் தெரியுமா?" என்றேன். அவர் சிரித்தார். சின்ன வயதிலிருந்தே எங்கள் தமிழ் முஸ்லிம் ஒருவருடைய இரும்புச் சாமான் கடையில் வேலை பார்த்தவர். முதலாளி தஞ்சாவூர்க் கரையோரத்து ஆள். அவரிடமிருந்து தொழிலோடு தமிழையும் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் எனக்கு நானா, அண்ணன் முறை. அவருடைய மனைவியை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிட்டேன். ராத்தாவுக்குத் தமிழ் வராது. பர்மியமும் இந்துஸ்தானியும் கலந்து பேசுவார். ஆனால் ராத்தா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

நானாவுடைய தாத்தா பாக்தாதிலிருந்து வந்தவராம். ஒரு காலத்தில் ரங்கூனில் அவர்கள் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்களாம். யுத்தத்தில் பாதிப்பேர் இந்தியாவுக்கு நடந்தே போனார்கள். கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலத்தில் மீதிப்பேர் கப்பலேறினார்கள். நானாவின் பெற்றோர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "எங்க அம்மாவுக்குக் கப்பல்னா பயம்" என்றார். அவ்வளவுதான் காரணம்.

அந்த வாளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மாடிக்கு மோட்டார் தண்ணீர் ஒழுங்காக ஏறாது. மற்ற வீடுகளில் பெண்கள்தான் கீழே போய்த் தண்ணீர் எடுத்து வருவோம். எதிர்வீட்டில் ராத்தா ஒருநாளும் வாளி தூக்கி நான் பார்த்ததில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு அவருக்குத் தோள் வலி. அதனால் கடைக்குப் போவதற்கு முன் நானாவே எல்லாத் தண்ணீரையும் ஏற்றிவிடுவார். இரண்டு மகள்களுக்கும் அவர்தான் தலை பின்னுவார். கதவைத் திறந்து வைத்து, பெரியவளை முன்னால் உட்கார வைத்து, வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு அவர் பின்னுவதைப் பார்த்து என் கணவருக்குச் சிரிப்பு வரும். "சிரிக்காதீங்க தம்பி, உங்களுக்கும் பொண்ணு பொறக்கும்" என்பார் நானா. பிறந்தாள். என் கணவர் பின்னவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அவர் கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிடுவார். கையில் ராத்தாவுக்கு மல்லிகை இருக்கும். குளித்து, விளக்கேற்றியபின், பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒவ்வொரு தலையிலும் கைவைத்து ஓதுவார். கடைசியில் நிற்பவன் சின்ன மகன். நாற்பதைத் தாண்டிய வயதில் அவர்களுக்குக் கிடைத்த பையன். அப்பாவின் கை தலையில் படுவதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிடுவான். தத்தித் தத்தி நடந்த என் மகளும் போய் அந்த வரிசையில் நின்றுகொள்வாள். நானா அவள் தலையிலும் கைவைப்பார். அதையெல்லாம் நாங்கள் தப்பாக நினைத்ததில்லை.

எண்பத்தெட்டாம் ஆண்டு ஆகஸ்டில் அந்தப் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. அரசாங்கத்தை எதிர்த்து ஊர் முழுக்க ஊர்வலம். பஸ் இல்லை, கடை இல்லை, தெருமுனைகளில் மரத்தை வெட்டிப் போட்டு வழியை அடைத்திருந்தார்கள். கொசுக்கடியால் வருகிற காய்ச்சல். முதலில் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் இருந்தது. பிறகு ஒரு காலையில் பையனின் பல்லீறில் ரத்தம் கசிவதை ராத்தா பார்த்து அலறினார். நானா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். என் கணவரும் கூட ஓடினார். சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷாகூட ஓடவில்லை. வெயிலில் நடந்தே போனார்கள். ஒவ்வொரு தடுப்பிலும் இருந்த இளைஞர்கள் பையனைப் பார்த்ததும் மரத்தை நகர்த்தி வழிவிட்டார்களாம். ஒருவன் தன் குடையைக் கொடுத்தானாம். மருத்துவமனையில் டாக்டர்கள் கவனித்தார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. மறுநாள் மாலைக்குள் பையன் போய்விட்டான்.

திரும்பி வரும்போதும் நானாதான் தூக்கி வந்தார். என் கணவர் கைமாற்றிக்கொள்ளக் கேட்டிருக்கிறார். "இல்ல தம்பி, இவன் எனக்குக் கனமில்ல" என்று சொல்லிவிட்டாராம். இதைச் சொல்லும்போது என் கணவர் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

யூதர்களை அடக்கம் செய்கிற கபர்ஸ்தான் எங்கள் வாப்பா வீட்டுப் பக்கம், மிங்கலா தாங்ஞுன்ட்டில்தான் இருக்கிறது. சின்ன வயதில் அந்தச் சுவரோரமாகப் போயிருக்கிறேன்; உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டதில்லை. பையனை அங்கே வைத்தார்கள். எங்கள் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளையை நான் இடுப்பில் வைத்து வளர்த்திருக்கிறேன். வாப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கதவருகில் நின்று ஒரு துஆ கேட்டுவிட்டுப் போவேன்.

அதன் பிறகு நானா மாறவில்லை. இதுதான் எனக்கு ஆச்சரியம். தண்ணீர் ஏற்றினார், தலை பின்னினார், மல்லிகை வாங்கினார். ராத்தாதான் மாறிப்போனார். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு ஜன்னலில் நின்றுவிடுவார். தீய்ந்த வாடை எங்கள் வீட்டுக்கு வரும். நான் ஓடிப்போய் இறக்கி வைப்பேன். நானா அந்தத் தீய்ந்த சோற்றைத் தட்டில் போட்டு, கடைசிப் பருக்கை வரை உண்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் மகனைப் பார்க்கப் போவார்கள். போகும்போது ராத்தா முன்னால் நடப்பார். வரும்போது நானா அவருடைய கையைப் பிடித்துக் கூட்டி வருவார்.

மகள்கள் வளர்ந்தார்கள். அவர்களுக்கு மாப்பிள்ளை பார்க்க இந்த ஊரில் அவர்கள் ஆட்களே இல்லை. மிச்சமிருந்த சில வீடுகளிலும் கிழவர்கள்தான். பெரியவளை இஸ்ரேலுக்கு அனுப்புவது என்று முடிவெடுத்தவர் நானாதான். ராத்தா சாப்பிடாமல் கிடந்தார். நானா என்னிடம் வந்து, "தங்கச்சி, நீங்க சொன்னா கேப்பா. நான் அனுப்பலேன்னா இந்தப் பொண்ணு இந்தக் கட்டடத்துலயே கெழவியாயிடும்" என்றார். பெரியவள் போனாள். அங்கேயே கல்யாணமும் ஆயிற்று. சில வருஷத்தில் சின்னவளும் போனாள். இருவரும் போன பிறகு வெள்ளிக்கிழமை மாலையில் கைவைக்க அந்த வீட்டில் தலை இல்லை. என் மகளை அனுப்பிவைத்தேன். அவள் அப்போது பெரிய பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, வெட்கப்பட்டுக்கொண்டே போனாள்.

பெரியவள் முதல் பிள்ளை உண்டானபோது அம்மாவையும் அப்பாவையும் வரச் சொன்னாள். இருவரும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார்கள். ராத்தாவுக்கு வந்தது. நானாவுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்ல அந்த ஆபீசில் யாருமில்லை. பிறகு வாங்க, பிறகு வாங்க என்றார்கள். பேறுகாலம் நெருங்கிவிட்டது. "நீ முன்னால போ, நான் பின்னால வந்துடறேன்" என்று ராத்தாவை ஏற்றிவிட்டார். புறப்படுகிற அன்று ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் உப்புப் போடாமலேயே சமைத்துச் சாப்பிடுவார், பார்த்துக்கொள்" என்று பர்மியத்தில் சொன்னார். அதுதான் அவர் என்னிடம் நேரில் சொன்ன கடைசி வார்த்தை.

பேரன் பிறந்தான். ராத்தா திரும்புவதற்குள் அவர் வயிற்றில் கட்டி என்று அங்கே கண்டுபிடித்தார்கள். வைத்தியம் அங்கேதான் நல்லது என்று தங்க வைத்தார்கள். எங்கள் மாடியில் எங்கள் வீட்டில் மட்டும்தான் போன் இருந்தது. என் கணவர் கடை வைத்திருந்ததால் எப்படியோ வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரியவள் அழைப்பாள். நானா முகம் மழித்து, தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து போன் முன்னால் உட்கார்ந்திருப்பார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி இருக்கும். ராத்தா பேச வந்ததும் நாங்கள் அடுப்பங்கரைக்குப் போய்விடுவோம். ஆனாலும் காதில் விழும். நோயைப் பற்றி அவர்கள் பேசிக் கேட்டதே இல்லை. மகனைப் பார்க்கப் போனதைச் சொல்வார். புல் வெட்டியதைச் சொல்வார். என்ன சமைத்தேன் என்பார். "உப்புப் போட்டேன், போட்டேன்" என்பார்.

சனிக்கிழமை அவர் அடுப்பைத் தொட மாட்டார், போனும் பேச மாட்டார். வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி இருட்டும் வரை அவர்களுக்கு அப்படி. டீ வேண்டுமென்று என்னிடம் கேட்கவும் மாட்டார்; கேட்கக் கூடாதாம். நானே கூப்பிட்டுக் கொடுப்பேன். அப்படி ஒரு சனிக்கிழமை காலையில்தான், நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, போன் அடித்தது.

"டோலே" என்றாள் பெரியவள். சின்னம்மா என்று அர்த்தம். அவளும் தங்கையும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "டோலே, அம்மா போயிட்டாங்க. விடியக்காலையில."

இன்னா லில்லாஹி என்று முனகினேன். "இரும்மா, அப்பாவைக் கூப்பிடறேன்" என்றேன்.

"வேண்டாம்!" என்று கத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "இன்னிக்கு சனிக்கிழமை. எங்க ஆளுங்க இன்னிக்குத் துக்கம் சொல்ல மாட்டாங்க. நானும் போன் பண்ணியிருக்கக் கூடாது. ஆனா எனக்கு யாருகிட்டயாவது சொல்லணும் டோலே. அப்பா இன்னிக்கு ஒரு நாள் நிம்மதியா இருக்கட்டும். அங்க இருட்டினதும் நானே பேசறேன். அதுவரைக்கும் நீங்க காட்டிக்காதீங்க."

சரியென்றேன். வைத்துவிட்டு நிமிர்ந்தால், நானா வாசலில் நிற்கிறார். யூதர்களுடைய தொழுகைப் பள்ளிக்குப் போய்விட்டு நடந்தே வந்திருக்கிறார். நெற்றியெல்லாம் வியர்வை.

"யாரு தங்கச்சி?"

"எங்க வாப்பா வீட்லேர்ந்து நானா."

"கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு?"

கையிலிருந்த வெங்காயத்தைக் காட்டினேன். "நம்ம ஊர் வெங்காயம் ரொம்பக் காட்டமா இருக்கு" என்றபடி உட்கார்ந்தார். டீ கொடுத்தேன். அன்றைக்கு அவருக்குப் பேச நிறைய இருந்தது. ராத்தா வருவதற்குள் அடுப்பங்கரைச் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும். ஜன்னல் பக்கம் அவர் நிற்கிற இடத்தில் ஒரு முக்காலி போட வேண்டும். "நின்னுக்கிட்டே இருப்பா, காலு வலிக்கும்ல" என்றார். பேரன் போனில் சிரித்ததைச் சிரித்துக் காட்டினார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தேன். பானையில் ஒன்றுமில்லை.

என் கணவர் மத்தியானம் கடையிலிருந்து வந்ததும் அறைக்குள் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவர் வெளியே வந்து நானாவோடு உட்கார்ந்து செஸ் விளையாடினார். வழக்கமாக ஜெயிப்பவர் அன்றைக்குத் தோற்றுக்கொண்டே இருந்தார். "தம்பி இன்னிக்கு ஏதோ நெனப்புல இருக்காரு" என்று நானா என்னிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு அப்படியே நாற்காலியில் சாய்ந்து தூங்கிப்போனார். தூங்குகிற முகத்தை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த மனிதர் இன்னும் பெண்டாட்டி உள்ள மனிதராகத்தான் தூங்குகிறார் என்று தோன்றியது. எழுப்பக் கூடாது, பொழுதும் சாயக் கூடாது என்று நினைத்தேன்.

மழைக்காலம், வானம் மூடிக் கிடந்தது. மஃரிப் பாங்கு சொல்லி முடிந்து, தெருவிளக்கு வந்து, நானா பால்கனியில் நின்று, சனிக்கிழமை முடிந்ததற்கு அடையாளமான நட்சத்திரம் தெரிகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரும்பினார். என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம இல்லையே" என்றார்.

நான் ரிசீவரை நீட்டினேன். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் கேட்டார். "எப்போ?" என்று மட்டும் கேட்டார். பிறகு மகளை அழ வேண்டாம் என்று சொன்னார். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் அப்படி அழக் கூடாது என்றார். வைத்தபின் என்னிடம் கேட்டார்: "தங்கச்சிக்குக் காலையிலேயே தெரியுமா?"

"தெரியும் நானா."

"ஒரு நாள் முழுக்க நீங்க தனியாத் தூக்கிக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றார். சட்டையின் கழுத்துப் பக்கத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக் கிழித்தார். அது அவர்கள் முறை. எனக்குத் தெரியாது, பயந்துபோனேன். கிழித்தபின்தான் அவருக்கு அழுகை வந்தது.

அவர்கள் வழக்கத்தில் துக்க வீட்டு முதல் சாப்பாடு வேறு வீட்டிலிருந்து வர வேண்டும். கொண்டுவர அவர்கள் ஆட்கள் வீடு பக்கத்தில் இல்லை. அவருக்கு அதைச் சொல்லக் கூச்சம். என் கணவர் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார். முட்டையும் பருப்பும். ராத்தாவின் பாத்திரத்திலேயே அவித்துக் கொடுத்தேன். நானா தரையில் உட்கார்ந்து, முட்டையை உரித்துக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "அவளுக்கு இன்னிக்கு யாரு தண்ணி ஊத்திக் குளிப்பாட்டியிருப்பாங்க?" என்றார். "பொண்ணுங்க இருக்காங்களே நானா" என்றேன். "ஆமா, பொண்ணுங்க இருக்காங்க" என்று திருப்பிச் சொன்னார். அப்புறம்தான் உண்டார். ஒரு வாரம் அப்படித் தரையிலேயே இருந்தார். கடை முதலாளியின் மகன், மேல்மாடிச் சீனக் குடும்பம், கீழே டீக்கடைக்காரர் எல்லாரும் வந்து கூட உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். எந்த மதத்து மந்திரமும் யாரும் சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தோம்.

அதற்கடுத்த வருஷம் அவருக்குப் பாஸ்போர்ட் வந்தது. மகள்கள் இருவரும் டிக்கெட் அனுப்பினார்கள். இனிமேல் அங்கேயே இருந்துவிடுவார் என்று நினைத்து நாங்கள் விமான நிலையம் வரை போய் அழுதோம். சில மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். கையில் எங்களுக்குப் பேரீச்சம்பழம்.

"ஏன் நானா வந்துட்டீங்க? அங்க பேரப்பிள்ளைங்க இருக்காங்க. ராத்தாவும் அங்கதானே இருக்காங்க?"

ஊருக்குள்ளிருக்கிற பழைய இடுகாடுகளையெல்லாம் வெளியே மாற்றப்போகிறார்கள் என்று அந்தக் காலத்தில் பேச்சிருந்தது. சில இடங்களில் மாற்றியும்விட்டார்கள். யாரும் வந்து கேட்காத எலும்பு என்னவாகும் என்று யாருக்கும் தெரியாது. "அங்க அவளுக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க தங்கச்சி" என்றார். "இங்க இவனுக்கு யாரு இருக்கா? திடீர்னு ஒருநாள் தோண்டினா, பேரு சொல்லிக் கூப்பிட ஒரு ஆளு வேணாமா?"

மகள்கள் போனில் கோபித்துக்கொண்டார்கள். உயிரோடிருக்கிற பிள்ளைகள் உனக்குப் பிள்ளைகள் இல்லையா என்று சின்னவள் கேட்டது என் காதிலும் விழுந்தது. அவர் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் என்னைத் தேடி வரலாம்மா. அவனால வர முடியாதே" என்றார்.

கபர்ஸ்தானை மாற்றவில்லை. வருஷாவருஷம் பேச்சு வந்து வந்து அடங்கியது. அவர் தனியாகவே இருந்தார். கடையை விட்டு நின்றார். என் மகள் கல்யாணத்தில் எங்கள் வீட்டுப் பெரியவராக வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றார்.

இரண்டாயிரத்து எட்டில் அந்தப் பெரிய புயல் அடித்தது. கட்டடத்தின் கூரைத் தகடெல்லாம் பறந்தது. விடிந்து காற்று ஓய்ந்ததும், வீட்டுக்குள் முழங்காலளவு கிடந்த குப்பையை விட்டுவிட்டு, நானா வெளியே கிளம்பினார். எழுபதுக்குக் கிட்ட வயது. என் கணவர் ரம்பத்தையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு கூடப் போனார். தெருவெல்லாம் மரம் விழுந்து கிடந்தது, பஸ் இல்லை. மறுபடியும் இருவரும் நடந்தே போனார்கள். பெரிய மழைமரம் ஒன்று வேரோடு சாய்ந்து பையனின் கபர் மேல் விழுந்திருந்தது. தூறலில் நனைந்தபடி பொழுது சாயும் வரை அறுத்தார்கள். அங்கே குடியிருந்த காவல்காரர் தன் கூரை போன கவலையிலும் வந்து கை கொடுத்தாராம். கிளைகளை இழுத்துப் போட்டுப் பார்த்தால் கல் இரண்டாக உடைந்திருந்தது. நானா உடைந்த துண்டைப் பொருத்திப் பொருத்திப் பார்த்தாராம். "வலிச்சிருக்குமோ தம்பி?" என்று என் கணவரிடம் கேட்டாராம்.

அன்றைக்கு நனைந்ததிலிருந்து அவருக்கு நெஞ்சுச் சளி விடவேயில்லை. அடுத்த வருஷம் படியேறுவதே கஷ்டமாகிவிட்டது. இப்போது நாங்கள் அவருக்குத் தண்ணீர் ஏற்றினோம். மகள்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்து, கடைசியில் சின்னவள் தானே கிளம்பி வந்தாள். பத்து வருஷத்துக்கு மேல் கழித்து வந்தவளுக்கு அப்பாவைப் பார்த்ததும் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. கட்டிலோரத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டினாள். நானா அவள் முடியைத் தொட்டுப் பார்த்து, "ஏம்மா இப்படிக் கட்டையா வெட்டிக்கிட்டே, பின்ன முடியாதே" என்றார். அவள் வந்த அடுத்த வாரம், ஒரு புதன்கிழமை காலையில், அவள் கையைப் பிடித்தபடியே போய்விட்டார்.

அன்றைக்கே அடக்கம் செய்ய வேண்டும். பெரியவளால் வந்துசேர முடியவில்லை. பிள்ளைகள் தகப்பனுக்காகச் சொல்கிற ஒரு துஆ இருக்கிறதாம். அதற்கு அவர்கள் ஆண்கள் பத்துப்பேர் வேண்டும். ஊரிலிருந்த கிழவர்கள் வந்தார்கள். வேலையாக ரங்கூனுக்கு வந்திருந்த வெளிநாட்டு யூதர்கள் சிலரை யாரோ ஹோட்டலிலிருந்து கூட்டி வந்தார்கள். அப்படியும் பத்து சேரவில்லை. என் கணவர் உட்பட எங்கள் ஆண்கள் எத்தனையோ பேர் நின்றார்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்க முடியாது. ஒரு பெரியவர் தெரிந்ததை ஓதினார். அந்தத் துஆவைச் சொல்லாமலே மண் போட்டார்கள். மகனுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. சின்னவள் அழாமல் நின்றாள். நானும் அன்றைக்குக் கதவோடு நிற்காமல் உள்ளே போய் அவள் பக்கத்தில் நின்றேன். யாரும் தடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பெரியவள் பேசினாள். அவளுடைய கணவர் அங்கே ஆட்களைச் சேர்த்து, ராத்தாவின் கபர் பக்கத்தில் நின்று அந்தத் துஆவைச் சொல்லிவிட்டாராம். பேரனும் கூட நின்று சொன்னானாம். சின்னவளிடம் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

அவள் வீட்டைக் காலி செய்துகொடுத்துவிட்டுப் போய்விட்டாள். எதிர்வீட்டில் இப்போது ஒரு பர்மியக் குடும்பம் இருக்கிறது. நல்ல மனிதர்கள், ஒரு கைக்குழந்தை. இரண்டாயிரத்துப் பத்தில் மழை விட்ட பிறகு நானும் என் கணவரும் கபர்ஸ்தானுக்குப் போனோம். புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. காவல்காரர் எங்களை அடையாளம் கண்டுகொண்டு அரிவாளோடு வந்தார். "இனிமே இதுக்கு யாரு வருவாங்க?" என்று பர்மியத்தில் கேட்டார். என் கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "நாங்க வருவோம்" என்றார். மூன்று பேருமாகப் புல்லை வெட்டினோம். வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட்டது. திரும்பும் வழியில், வாப்பா வீட்டுத் தெருமுனையில் பஸ்ஸுக்கு நின்றபோது, "அன்னிக்கு நானாவுக்கு அந்தப் பையன் உண்மையிலேயே கனமா இருந்திருப்பான்" என்றார் என் கணவர்.